ஐந்து மிட்ரேஞ்ச் வாங்கி ஒன்றில் வந்து நின்ற கதை

நான் ஆடுவது டிஸ்க் கோல்ஃப்: பிளாஸ்டிக் தட்டை (டிஸ்க்) வீசி, சங்கிலி தொங்கும் பாஸ்கெட்டில் முடிந்தவரை குறைந்த வீச்சில் விழவைக்க வேண்டும். நாங்கள் வழக்கமாக ஆடும் கோர்ஸில் மூன்றாவது ஹோல் 75 மீட்டர். டீயில், அதாவது முதல் வீச்சு வீசும் இடத்தில் நின்றால் பாஸ்கெட்டின் சங்கிலி நேர் எதிரே தெரியும். இரண்டு பக்கமும் மரங்கள், நடுவே நான்கு பேர் கைகோத்து நடக்கிற அகலத்துக்கு வழி. நெடுந்தூரத்துக்கான டிஸ்கான டிரைவரை எடுக்கும் அளவுக்குத் தூரம் இல்லை, கிட்டத்திலிருந்து பாஸ்கெட்டில் போடுவதற்கான என் புட்டர் அவ்வளவு தூரம் போகாது. இரண்டுக்கும் நடுவிலான மிட்ரேஞ்சுக்கென்றே அளந்து வைத்த மாதிரி இருக்கும். ஆட ஆரம்பித்த முதல் வருடம் முழுக்க அந்த ஹோலை நான் ஒரு தடவைகூட மூன்று வீச்சில் முடிக்கவில்லை. அதற்குள் ஐந்து மிட்ரேஞ்ச் டிஸ்க் வாங்கியிருந்தேன்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. முதலாவதை வாங்கியது ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதால். அதன் விவரத்தில் ‘ஓவர்ஸ்டேபிள்’ என்று இருந்தது. ஸ்டேபிள் என்றால் நிலையானது; ஓவர்ஸ்டேபிள் என்றால் ரொம்பவே நிலையானது; அப்படியானால் ஆடாமல் அசையாமல் நேராகப் போகும் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். அந்தச் சொல்லுக்கும் நேர்கோட்டுக்கும் சம்பந்தமே இல்லை. வலக்கையால் பேக்ஹேண்ட் வீசினால், அதாவது கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து வீசினால், மேலிருந்து பார்க்கும்போது டிஸ்க் கடிகார முள் போகும் திசையில் சுழலும். வேகம் குறையக் குறைய இடப்பக்கம் சாயும். அந்தச் சாய்வு சீக்கிரமாகவும் வலுவாகவும் வந்தால் அது ஓவர்ஸ்டேபிள். வேகமாகப் போகும்போது வலப்பக்கம் திரும்பப் பார்த்தால் அது அண்டர்ஸ்டேபிள். இடக்கைக்காரர்களுக்கும், வலக்கையால் ஃபோர்ஹேண்ட் (கையைப் பக்கவாட்டிலிருந்து முன்னே கொண்டுவந்து) வீசுகிறவர்களுக்கும் எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் பக்கம் மாறிவிடும். இங்கே நான் சொல்வதெல்லாம் வலக்கை பேக்ஹேண்டுக்கு.

முதல் டிஸ்க் இடப்பக்கமே போனது. சரி, இது நமக்கு ஒத்துவராத டிஸ்க் என்று இரண்டாவது வாங்கினேன். பிளாஸ்டிக்தான் வேறு, குணம் அதேதான். மூன்றாவது, நன்றாக ஆடும் ஒருவர் வீசியதைப் பார்த்த மயக்கத்தில். நான்காவது நிறத்துக்காக. நல்ல இலைப்பச்சை. புல்லில் விழுந்த பச்சை டிஸ்கைத் தேடிய நேரத்தைக் கூட்டினால் பத்து சுற்று ஆடியிருக்கலாம். ஐந்தாவதை ஏன் வாங்கினேன் என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை.

வாங்குவதற்கு முன் நான்கு எண்களை நிதானமாகப் படித்திருந்தால் பாதிச் செலவு மிஞ்சியிருக்கும். ஸ்பீடு, கிளைட், டர்ன், ஃபேட் என்ற வரிசையில் அவை டிஸ்கிலோ அதன் விவரத்திலோ இருக்கும். ஸ்பீடு என்பது டிஸ்க் நமக்குத் தரும் வேகம் இல்லை. அது ஒழுங்காகப் பறக்க நாம் அதற்குத் தரவேண்டிய வேகம். இதைப் புரிந்துகொள்ளவே எனக்குப் பல மாதம் ஆனது. கிளைட் என்றால் காற்றில் எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது. டர்ன், வேகமாகப் போகும்போது வலப்பக்கம் எவ்வளவு திரும்பும் என்பது. அது கழித்தல் குறியோடு வரும். ஃபேட், கடைசியில் இடப்பக்கம் எவ்வளவு இழுக்கும் என்பது.

மிட்ரேஞ்சுகளின் ஸ்பீடு பெரும்பாலும் 4 அல்லது 5. அதனால் அந்த எண்ணைப் பார்த்துத் தேர்வு செய்ய ஒன்றுமில்லை. வித்தியாசமெல்லாம் பின்னால் வரும் எண்களில்தான். இன்னோவாவின் மாக்கோ3 என்ற டிஸ்குக்கு 5, 5, 0, 0. அதே நிறுவனத்தின் ராக்3-க்கு 5, 4, 0, 3. கேட்டருக்கு 5, 2, 0, 3. டிஸ்கிராஃப்டின் பஸ்ஸ் 5, 4, -1, 1. (தமிழில் எழுதினால் பேருந்து போலத் தெரிகிறது. வண்டின் ரீங்காரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.) ஸ்பீடு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், ஆனால் மாக்கோ3-ஐயும் கேட்டரையும் ஒரே மாதிரி வீசினால் இரண்டும் வெவ்வேறு மரத்தடியில் கிடக்கும். என்னுடைய ஐந்தை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். நான்கில் ஃபேட் 3. ஒரே டிஸ்கை நான்கு பெயரில் வாங்கியிருக்கிறேன்.

இந்த எண்களை முழுசாக நம்பவும் கூடாது. டிஸ்க் கோல்ஃபின் சர்வதேச அமைப்பான பிடிஜிஏ ஒரு டிஸ்கை அனுமதிக்கும்போது விட்டம், எடை, விளிம்பின் அகலம் போன்றவற்றைத்தான் அளக்கிறது. எப்படிப் பறக்கும் என்று அது சான்று தருவதில்லை. அந்த எண்கள் தயாரிப்பவர் போட்டுக்கொண்டவை. ஒருவருடைய ஃபேட் 1 இன்னொருவரிடம் 2 ஆக இருக்கலாம். அதோடு, நம் கை வேகம் குறைவாக இருந்தால் டர்ன் வெளியே வரவே வராது, ஃபேட் மட்டும் சீக்கிரமே வந்துவிடும். -1 போட்ட டிஸ்க் புதிதாக ஆடுகிறவர் கையில் 0 போலத்தான் போகும். அப்படியென்றால் என்னுடைய ஃபேட் 3 என்ன ஆகியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் என் உண்மையான பிரச்சினை எண்களில் இல்லை. அது ஓர் அண்ணன் வந்த அன்றுதான் தெரிந்தது.

எங்களோடு ஆட ஆள் குறைந்த ஒரு நாள் அவர் சேர்ந்துகொண்டார். ஆட்டத்தில் பழுத்தவர், பேச்சு குறைவு. மூன்றாவது ஹோலில் நான் வீசியதைப் பார்த்தார். டிஸ்க் முதலில் வலப்பக்கம் போய், நடுவில் மனம் மாறி இடப்பக்கம் திரும்பி, வழக்கம்போல இடப்பக்க மரத்தில் பட்டது.

“தம்பி, வலது விளிம்பைத் தாழ்த்தி விடுறீங்களே, வேணும்னேவா?”

“ஆமாண்ணே. அப்படி விடலைன்னா இடப்பக்கமே போயிடுது.”

அவர் தன் பையிலிருந்து ஒரு டிஸ்கை எடுத்து நீட்டினார். விளிம்பெல்லாம் பல் பட்ட மாதிரி தேய்ந்திருந்தது. ஃபேட் மிகக் குறைந்த நேர்ப்போக்கு மிட்ரேஞ்ச். “இதை விடுங்க.” விட்டேன். வலப்பக்கம் சாய்ந்தது, சாய்ந்துகொண்டே போனது, திரும்பவே இல்லை. தரையில் விளிம்பு பட்டு, சக்கரம்போல உருண்டு சரிவில் இறங்கிப் போயிற்று.

“இது சரியில்லைண்ணே” என்றேன்.

“அது சரியாத்தான் போகுது. நீங்க சொன்ன பக்கம் போகுது.”

வீட்டுக்கு வந்தும் அந்தப் பதில் என்னை விடவில்லை. நான் டிஸ்கைத் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடமாக அந்த டிஸ்க் என் கையைப் பழக்கியிருக்கிறது. இடப்பக்கம் இழுக்கும் டிஸ்கை நேராக்க, ஒவ்வொரு வீச்சிலும் வலது விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்தி விடக் கற்றுக்கொண்டேன். ஆட்டத்தில் இதற்கு அன்ஹைசர் என்று பெயர். தெரிந்து செய்தால் அது ஒரு நல்ல வீச்சு. எனக்கோ அது தெரியாமலே மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. திறந்த வெளியில் டிஸ்க் எஸ் எழுத்துபோல வளைந்து எப்படியோ பாஸ்கெட் பக்கம் வந்துவிடும், எனக்கும் பெருமையாக இருக்கும். மூன்றாவது ஹோலில் அப்படி வளைய இடமில்லை. அதனால்தான் அங்கே மட்டும் ஒரு வருடம் மாட்டிக்கொண்டேன்.

அண்ணன் அந்தப் பழைய டிஸ்கை என்னிடமே விட்டுப் போனார். அடுத்த நாள் அதைத் தட்டையாகப் பிடித்து, எந்தப் பக்கமும் சாய்க்காமல் விட்டுப் பார்த்தேன். இன்னொரு வியாதி வெளியே வந்தது. டிஸ்க் மேலே ஏறியது, ஒரு நொடி அந்தரத்தில் நின்றது, இடப்பக்கம் சரிந்து விழுந்தது. எண்ணிப் பார்த்தால் ஐம்பது அடிவைப்புகூட இல்லை. டிஸ்கின் முன்விளிம்பு, அதாவது மூக்கு, நிமிர்ந்தபடி கையை விட்டுப் போகிறது. புதிதாக ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இது இருக்கும், எனக்கு இல்லை என்று நினைத்திருந்தேன். ஃபேட் 3 டிஸ்கில் இது தெரியாது. அது எப்படியும் இடப்பக்கம்தானே போகும். டிஸ்க் இழுத்ததா, மூக்கு நிமிர்ந்ததா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

நேர்ப்போக்கு டிஸ்க் அப்படி எதையும் மூடி மறைக்காது. ஏறி நின்று இடப்பக்கம் விழுந்தால் மூக்கு நிமிர்ந்திருக்கிறது. வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போனால் மணிக்கட்டு புரண்டிருக்கிறது. கையை விட்டதும் கிடுகிடுவென்று ஆடினால், கை இழுத்த திசை ஒன்று, டிஸ்கின் தளம் வேறொன்று. முதல் மிட்ரேஞ்சாக டர்ன் 0 அல்லது -1, ஃபேட் 0 அல்லது 1 உள்ள டிஸ்கை வாங்கச் சொல்வது இதற்காகத்தான். அது சுலபமாகப் பறக்கும் என்பதற்காக என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சுலபமாக இல்லை. முதல் இரண்டு வாரம் பழைய டிஸ்கைவிட மோசமாகத்தான் ஆடினேன். மூக்கை இறக்க அண்ணன் சொன்ன வழி: பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றும்போது மணிக்கட்டு இறங்குமே, அந்த நிலையில் வைத்து இழுங்கள். கேட்க எளிது. எனக்கு இரண்டு மாதம் ஆனது.

அப்புறம்தான் சொந்தமாக ஒன்று வாங்குவதைப் பற்றி யோசித்தேன். இந்தத் தடவை வாங்கும் முன் இரவல். ஆடுகிறவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள், எல்லோர் பையிலும் தேவைக்கு மேலே கிடக்கிறது. ஏறக்குறைய ஒரே எடையில், ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் இரண்டு வெவ்வேறு மாடல் வாங்கிக்கொண்டு, காற்றில்லாத காலையில் திறந்த மைதானத்துக்குப் போனேன். பாஸ்கெட் இல்லாத இடமாகப் பார்த்துக்கொண்டேன். அது இருந்தால் கை அதை நோக்கித் தானாகச் சரிசெய்துகொள்ளும். ஒன்றைப் பத்து தடவை வீசிவிட்டு அப்புறம் மற்றதை எடுக்காமல், மாற்றி மாற்றி வீசினேன். போகப் போகக் கை சூடேறும், பிறகு களைக்கும். அந்த வித்தியாசத்தை ஒரே டிஸ்கின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

ஒரு நோட்டில் ஒவ்வொரு வீச்சுக்கும் இரண்டு எண் எழுதினேன்: எத்தனை அடிவைப்பு தூரம், நடுக்கோட்டிலிருந்து எத்தனை அடிவைப்பு விலகல். முதல் டிஸ்கின் சிறந்த வீச்சு 81 அடிவைப்பு, இரண்டாவதுக்கு 74. வெறும் ஞாபகத்தை நம்பியிருந்தால் முதலாவதைத்தான் வாங்கியிருப்பேன், அந்த 81 மனதிலேயே நின்றது. நோட்டு வேறு கதை சொன்னது. முதலாவது, இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை 22 அடிவைப்பு அகலத்தில் சிதறிக் கிடந்தது. இரண்டாவது 10 அகலத்துக்குள் அடங்கிவிட்டது. மிட்ரேஞ்சை நான் எடுப்பது மரங்களுக்கு நடுவே போகத்தான். இரண்டாவதையே வாங்கினேன். எந்த மாடல் என்று இங்கே எழுதவில்லை. என் நோட்டில் எனக்கு வந்த முடிவு உங்கள் கைக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

கையில் எப்படி உட்காருகிறது என்பதையும் அந்தக் காலையில்தான் கவனித்தேன். புட்டரின் விளிம்பு மொண்ணையாக, குறுகலாக இருக்கும்; தூர டிரைவரின் விளிம்பு அகலமாக, கூராக இருக்கும். மிட்ரேஞ்ச் இரண்டுக்கும் நடுவில். சில மாடல்களில் விளிம்பின் அடியில் மெல்லிய வளையம் ஒன்று புடைத்திருக்கும், பீட் என்பார்கள். சிலருக்கு அது பிடிமானம். என் விரல்கள் குட்டை. அந்த வளையம் கடைசி நொடியில் விரலில் தடுக்கி, டிஸ்க் ஆட்டத்தோடு வெளியே போனது. மேல்பக்கம் குவிந்திருந்தால் மிதப்பு கொஞ்சம் கூடும், ஆனால் என் கட்டைவிரலுக்குத் தட்டையானதுதான் பிடித்தது. இதையெல்லாம் படத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஐந்து நிமிடம் கையில் வைத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும், முடிந்தால் கையை நனைத்துக்கொண்டு ஒரு தடவை.

எடையைப் பற்றி நான் தேவையில்லாமல் ரொம்ப மண்டையை உடைத்துக்கொண்டேன். விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது பிடிஜிஏ விதி. 21.7 சென்டிமீட்டர் விட்டமுள்ள மிட்ரேஞ்சுக்கு அது 180 கிராம் வரும். பெரிய ஆட்டக்காரர்கள் அந்த உச்சத்தை ஒட்டியே வைத்திருக்கிறார்கள் என்று நானும் 180 தேடி அலைந்தேன். என் கைக்கு 175-க்கும் 180-க்கும் வித்தியாசம் தெரியவில்லை. 160-ஐ ஒட்டிய டிஸ்கில் தெரிந்தது. விடுவது எளிது, காற்று வந்தால் தூக்கிக்கொண்டு போகிறது. கை வேகம் குறைந்தவர்களுக்கும் சிறுவர்களுக்கும் அதுவே நல்லது. அவ்வளவுதான் விஷயம்.

பிளாஸ்டிக் அப்படி இல்லை, அதில் யோசிக்க நிறைய இருக்கிறது. ஒரே மாடல் பல வகைப் பிளாஸ்டிக்கில் வரும். சாதாரண வகை கையில் நன்றாக ஒட்டும், விலை குறைவு, மரத்தில் பட்டுப் பட்டுச் சீக்கிரம் தேயும். தேயத் தேய ஃபேட் குறையும், மெல்ல வலப்பக்கம் திரும்ப ஆரம்பிக்கும். அண்ணன் கொடுத்த டிஸ்க் அப்படிப் பழுத்ததுதான். உயர்வகைப் பிளாஸ்டிக் வருடக்கணக்கில் குணம் மாறாது. அதே மாடலாக இருந்தாலும் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதல் ஓவர்ஸ்டேபிளாகவே வரும். குளிரில் விறைக்கும், ஈரத்தில் வழுக்கலாம். கற்றுக்கொள்ளும்போது சாதாரண வகையை எடுப்பதே மேல் என்பது என் கருத்து. தேய்வது குறை என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால், ஒரு டிஸ்க் வாங்கி இரண்டு டிஸ்கின் வேலை வாங்குவது அது.

புது மாடல் வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் முன்பு உடனே கை அரிக்கும். டிரைவர்களில் அந்த ஆசைக்காவது ஏதோ அர்த்தம் உண்டு. மிட்ரேஞ்சில் பழைய தலைகள் இன்னும் ஆண்டுகொண்டிருக்கின்றன. நிரந்தரமான முதல் கோர்ஸ் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975இல் அமைந்தது. சங்கிலி பாஸ்கெட்டை உருவாக்கிய எட் ஹெட்ரிக்கின் கைவண்ணம். அப்போது சாதாரணப் பறக்கும் தட்டையே வீசினார்கள். சாய்வான விளிம்புள்ள கோல்ஃப் டிஸ்க் 1983இல்தான் வந்தது. அதற்கு நான்கு வருடம் கழித்து, 1987இல் வந்த ராக் என்ற மிட்ரேஞ்ச் இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. அந்த மாடலை ஒருவர் முப்பது வருடம் வீசியிருக்க முடியும். நான் ஒரு வருடத்தில் ஐந்து மாற்றினேன்.

ஓவர்ஸ்டேபிள் டிஸ்குகளை நான் தூக்கிப் போட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். ஐந்தில் மூன்றைக் கொடுத்துவிட்டேன், பச்சையைப் புல்லே வைத்துக்கொண்டது, ஒன்று மட்டும் பையில் இருக்கிறது. எதிர்காற்றில் எந்த டிஸ்கும் கூடுதல் வேகத்தில் போவதுபோல் நடந்துகொள்ளும். நேர்ப்போக்கு டிஸ்க் வலப்பக்கம் புரண்டுவிடும். அங்கே ஃபேட் 3 கல்லுப்போல நிற்கிறது. பின்காற்றில் நேர்மாறு, டர்ன் குறையும், டிஸ்க் சீக்கிரம் தரை இறங்கும், அப்போது அதைத் தொடவே மாட்டேன். இடப்பக்கம் கட்டாயமாக வளைய வேண்டிய ஹோலுக்கும் அதுதான். முதலில் வாங்கியதும் அதைத்தான்.

பையிலிருந்து வெளியே போன இன்னொன்று டிரைவர். மிட்ரேஞ்ச் 75 மீட்டர் போன காலத்தில் என் ஸ்பீடு 12 டிரைவர் 80 மீட்டர்தான் போனது. இவ்வளவு அகலமான விளிம்பைச் சுமந்து ஐந்து மீட்டர் லாபம். அது கேட்கிற வேகம் என்னிடம் இல்லை. மூன்று மாதம் வெறும் புட்டரும் மிட்ரேஞ்சும் மட்டும் வைத்து ஆடினேன். ஸ்கோர் கெடவில்லை.

போன மழைக்காலத்தில் நான் தேர்ந்தெடுத்த அந்த டிஸ்க் குளத்தில் விழுந்தது. இந்தத் தடவை யோசனையே இல்லை. அதே மாடல், அதே எடை, அதே பிளாஸ்டிக், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வந்ததைக் கையில் எடுத்தால் மேல்பக்கம் பழையதைவிடக் குவிவு. ஒரே அச்சாக இருந்தாலும் ஒவ்வொரு தடவை வார்க்கும்போதும் சின்ன மாற்றம் வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன், பார்த்தது அப்போதுதான். அடிப்பக்கத்தில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதினேன். போட்டியில் டிஸ்கில் அடையாளக் குறி இருக்க வேண்டும் என்பது விதி, எண் எழுதுவது நம் ஆசை. மறுபடி மைதானம், மறுபடி நோட்டு. புதியது தேய்மானம் இல்லாததால் கடைசியில் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது.

ஆறு வாரம் கழித்து ஒரு அழைப்பு. குளத்தில் தண்ணீர் வற்றியபோது யாரோ எடுத்திருக்கிறார்கள். சேறு காய்ந்துபோய் வந்து சேர்ந்தது பழைய டிஸ்க். இப்போது இரண்டும் பையில். இடப்பக்கம் லேசாக முடிய வேண்டிய இடத்துக்குப் புதியது, கோடு போட்ட மாதிரி போக வேண்டிய இடத்துக்குப் பழையது.

மூன்றாவது ஹோலில் பழையதைத்தான் எடுக்கிறேன். இதுவரை நான்கு தடவை மூன்று வீச்சில் முடித்திருக்கிறேன். போன வாரம் டிஸ்க் மரத்தில் பட்டது. வலப்பக்க மரம். மணிக்கட்டு புரண்டது கையை விட்ட கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் அந்த நேரம் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.